விதானையாரின் கல்வெட்டுப் படம்

நமசிவாயத்தார் யாரையாவது பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக அந்த ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. முப்பத்தொரு வருடம் கிராம சேவையாளராக இருந்தவர். ஊர் வாயில் விதானையார். சாவகச்சேரிக்கு வடக்கே இரண்டு மூன்று கிராமங்களில் மாறி மாறி இருந்துவிட்டு, கடைசிப் பதினொரு வருடமும் சொந்த ஊர் அலுவலகத்தில், அந்தக் கந்தோரிலேயே குந்தியிருந்து ஓய்வு பெற்றார். அடையாள அட்டை எடுக்கிற எவரும் தன் படத்தை முதலில் அவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். படத்தில் இருப்பவர் இவரேதான் என்று அவர் கையெழுத்து வைத்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். அந்த ஒரு கையெழுத்தை வைத்துக்கொண்டு மனிதர் ஆடிய ஆட்டம் சொல்லி மாளாது.

படத்தை இரண்டு விரலால் வாங்குவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். படத்தை ஒருதரம், ஆளை ஒருதரம் பார்ப்பார். பிறகு வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கத் தக்கதாக, "உது ஆர்? நீயோ? செத்தவீட்டிலை எடுத்ததோ?" என்பார். சின்னத்தங்கம் என்ற கறுத்த பெண்ணொருத்தி பதினாறு வயதில் படம் கொண்டுவந்தபோது, "உதிலை உன்ரை முகம் எங்கை முடியுது, பின்னாலை கிடக்கிற திரை எங்கை தொடங்குது?" என்று கேட்டார். அவள் மூன்று தரம் சைக்கிளில் வெயிலுக்குள்ளால் சாவகச்சேரிக்குப் போய்ப் படம் எடுத்து வந்தாள். மூன்றாவது படத்தில் அழுது வீங்கிய கண் தெரிந்தது. அதற்குத்தான் கையெழுத்து வைத்தார்.

இதிலே வயிறெரிகிற சங்கதி என்னவென்றால், மனிதருக்குக் கண் இருந்தது. வெளிச்சம் ஒரு பக்கமாய் விழுந்திருக்கிறது, தாடையின் நாடி மேலே போய்விட்டது, ஒரு காது மறைந்துவிட்டது என்று அவர் சொன்னால் அது சரியாகவே இருக்கும். திருப்பி அனுப்பப்பட்ட ஆள் கொண்டுவருகிற இரண்டாவது படம் முதலாவதைவிட நன்றாகவே இருக்கும். நல்ல கண்ணையும் நாக்கில் நரம்பில்லாத வாயையும் கடவுள் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அனுபவித்தது ஊர்.

ஊராவது எப்போதாவது ஒருநாள்தான் அந்தக் கந்தோருக்குப் போகும். மகன் கோபிசங்கர் ஒவ்வொரு நாளும் அவரோடு இருந்தான். எட்டு வயதில் அவன் கொப்பியில் தகப்பனைப் படமாகக் கீறிக்கொண்டு வந்து காட்டினான். நமசிவாயத்தார் சிவப்புப் பேனா எடுத்து, 'படத்தில் உள்ளவர் நான் அல்ல' என்று எழுதி, திகதி போட்டு, கந்தோர் முத்திரையையும் குத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டிச் சிரிப்பார். தாய் ஞானாம்பிகையும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அடுத்தது அவள்மேல் பாயும்.

கோபிசங்கர் வளர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் ஆனான். கலியாணம் கட்டினான். பிள்ளை இல்லை. குரல் எழும்பாத ஆள். கனடாவில் இருந்த தங்கச்சி தர்மினி ஒரு வருடம் ஊருக்கு வந்தபோது அவனுக்கு ஒரு கமரா கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த வருகைக்கு அதைவிடப் பெரியது. பிறகு நீளக் குழல் மாதிரி ஒரு லென்ஸ், முக்காலி, வானத்தில் பறந்து படம் எடுக்கிற ட்ரோன், முதுகில் மூன்று கண் வைத்த கைபேசி. பெரிய கலியாணங்களுக்குப் படம் பிடிக்கிறவர்களிடம்கூட இல்லாத சாமான்களெல்லாம் அந்த வீட்டு அலுமாரியில் இருந்தன. கோபிசங்கர் கண்டதையெல்லாம் எடுத்தான். பண்ணைக் கடலில் சூரியன் இறங்குவது, மீன்கொத்தி, பனங்காய், சந்தையில் வெங்காயக் குவியல், கோயில் மணி, திரும்பவும் பண்ணைக் கடலில் சூரியன். முகநூலில் போட்டால் பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆயிரம் பேர் இதயம் போடுவார்கள். படத்துக்கா போட்டார்கள், ஊருக்கா போட்டார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பாதிக் கவலை அன்றைக்கே தொடங்கியிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஞானாம்பிகை சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தாள். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கம் கல்வெட்டு என்பார்கள். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, அழுகைப் பாட்டு எல்லாம் உள்ளே இருக்கும். முதல் பக்கத்தில் செத்தவரின் படம் முழு அளவில் இருக்கும். ஒருவரை ஊர் கடைசியாகப் பார்க்கிற முகம் அதுதான். வீட்டுக்கு வீடு சுவாமி அறையிலோ அலுமாரியிலோ அது வருடக்கணக்காகக் கிடக்கும். ஞானாம்பிகையின் கல்வெட்டுக்குப் படம் தேடினார்கள். சூரியன் இறங்குகிற படம் நாலாயிரம் இருந்தது. தாயைத் தனியே எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் யாரோ கலியாண வீட்டில் எடுத்த கூட்டப் படமொன்றிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அச்சகக்காரன் அதை ஒரு பட்டுச்சேலை கட்டிய உடம்பில் கொண்டுபோய் வைத்தான். உடம்பு இருபத்தைந்து வயதுப் பெண்ணுடையது. கழுத்தில் ஞானாம்பிகை பிறந்த நாள் தொட்டுக் கண்டிராத அட்டியல். சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரும் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். சின்னத்தங்கம்தான், அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது, விதானையாருக்குப் பக்கத்தில் வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

"அக்கா நோயிலை நல்லா மெலிஞ்சு வடிவாய்ப் போனா போலை."

நமசிவாயத்தாருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முப்பத்தொரு வருடம் ஊரின் முகங்களைத் திருப்பி அனுப்பியவரின் மனைவிக்கு முகம் இல்லை. அன்று பின்னேரமே அவர் தீர்மானித்துவிட்டார். தன் கல்வெட்டுப் படம் தான் உயிரோடு இருக்கும்போதே எடுபட வேண்டும், தன் கண்ணாலேயே பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மனிதருக்கு இனி இந்த உலகத்தில் வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. சாவுக்கு அவர் பயப்படவில்லை. அவர் பயந்தது, செத்த பிறகு பந்தியில் தன் முகத்தைப் பார்த்து ஒருவன் வாயை மூடிக்கொள்வதற்குத்தான்.

வீட்டில் இத்தனை கமரா இருக்கும்போது வெளியே போவானேன்? மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். கோபிசங்கருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தொரு வயதில் தகப்பன் அவனிடம் முதல்முறையாக ஒன்று கேட்கிறார்.

வேட்டி, சால்வை, மூன்று குறி விபூதி. முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி ஒரு காலை முழுக்க எடுத்தான்.

"கொஞ்சம் சிரியுங்கோ அப்பா."

"ஏன், செத்தாப் பிறகு சிரிச்சுக்கொண்டு கிடக்கவோ?"

அறுநூறு படம் எடுத்தான். ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கணினியில் போட்டு மூன்று நாள் மினுக்கினான். கொண்டுவந்து காட்டியபோது எழுபத்துநாலு வயது மனிதர் அவித்த முட்டை மாதிரிப் பளபளத்துக்கொண்டிருந்தார். ஒரு சுருக்கம் இல்லை.

"உது ஆர்?"

"நீங்கள்தான் அப்பா."

"நானோ? உவருக்கு இன்னும் மீசை முளைக்கேல்லைப் போலை கிடக்கு."

அடுத்த கிழமை பெரிய லென்ஸைப் போட்டு, பின்னால் எல்லாம் கலங்கித் தெரிகிற மாதிரி எடுத்தான். "மூக்கு துல்லியமாய் இருக்கு," என்றார் நமசிவாயத்தார். "காதைக் காணேல்லை. என்னைக் காதில்லாமலோ எரிக்கப் போறாய்?" பிறகு சூரியன் சாய்கிற நேரத்து மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்தான். காமாலை பிடித்தவன் மாதிரி இருக்கிறது என்றார். புதுமையாகச் செய்து பார்ப்போம் என்று ஒருநாள் ட்ரோனையும் ஏற்றினான். அதில் வழுக்கைத் தலை ஒன்றும் கதிரையின் நாலு காலும் விழுந்திருந்தன. "நான் செத்து மேலை போனாப் பிறகு எடுக்க வேண்டிய படத்தை இப்பவே எடுத்துப்போட்டாய்," என்றார்.

ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது சரி. ஒருமுறைகூட இப்படி எடு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பிழையைச் சொல்வதில் அவருக்கு இருந்த உருசி அதில் இல்லை.

ஞானாம்பிகையின் திவசத்துக்கு உறவுச்சனம் வந்திருந்தது. கோபிசங்கரின் சங்கத்து முகாமையாளரும் வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர்தான் வாயைக் கொடுத்தார்.

"கோபியின்ரை படங்களுக்கு முகநூலிலை நல்ல பேர் ஐயா. இப்பத்தைக் கமராவுகளும் அப்பிடி. வெளிச்சம், தூரம் எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆர் எடுத்தாலும் நல்லாய்த்தான் வரும்."

"கமரா பார்க்குதுதான்," என்றார் நமசிவாயத்தார். "அது பார்க்குதெண்டு இவன் பார்க்கிறதை விட்டிட்டான். முந்தி ஒரு படம் எடுக்கிறதெண்டால் ஒருத்தன் பத்துத்தரம் பார்ப்பான். இவன் பாராமல் பத்துத்தரம் எடுக்கிறான். கமராவிலை ஒரு பழுதும் இல்லை. பின்னாலை நிக்கிறதுதான் பழுது."

பந்தி முழுக்கச் சிரித்தது. முகாமையாளர் புரைக்கேறிச் சிரித்தார். அடுப்படிக் குசினி வாசலில் நின்ற கோபிசங்கரின் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாயசவாளியோடு நின்ற கோபிசங்கரும் சிரித்தான். மனைவி சிரிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தான். அன்றைக்குப் பிறகு அவன் தகப்பனைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

கார்த்திகை மழைக்குள் நமசிவாயத்தாருக்கு இலேசாகப் பாரிசவாதம் தட்டியது. ஒரு கிழமை ஆஸ்பத்திரி. எழும்பி நடமாடினார். ஆனால் வலக்கை முந்தின மாதிரி இல்லை, வாயின் வலது மூலை கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டது. ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதற்கு வருடத்துக்கு ஒருதரம் விதானையாரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். தை மாதம் கோபிசங்கர் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். அவர் பதினொரு வருடம் இருந்த அதே கந்தோர். மேசைக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு இளம்பெண் இருந்தாள். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவள்.

"ஐயா, கையெழுத்து பழைய மாதிரி இல்லை. இன்னொருக்கால் வையுங்கோ."

வைத்தார். பேனா தன் பாட்டுக்குப் போனது.

"குறை நினையாதேங்கோ ஐயா. இன்னும் ஒருக்கால்."

மூன்றாம் முறை பேனா கையிலிருந்து விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற சின்னத்தங்கம், "விதானையாருக்கே கையெழுத்து வராதோ?" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். நமசிவாயத்தாரும் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்ட மாதிரிச் சிரிக்கப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம்தான் சொல் கேட்டது, மறுபக்கம் கேட்கவில்லை. மேல் பொய்ப் பல்லுக்கட்டு கழன்று வெளியே வந்துவிட்டது. இடக்கையால் ஏந்திக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், பிடித்த கையோடு, அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் முகத்தைப் பார்த்துக் கெஞ்சினார். கண் நிறைந்திருந்தது.

கோபிசங்கர் யன்னலோரமாக நின்று கைபேசியில் இதயங்களை எண்ணிக்கொண்டிருந்தான். சிரிப்புக் கேட்டுத் தலை நிமிர்ந்தான். தகப்பனைப் பார்த்தான். அவசரப்படவில்லை, நன்றாகப் பார்த்தான். பிறகு கைபேசியைக் கொஞ்சம் உயர்த்தி ஒரேயொரு படம் எடுத்தான்.

நமசிவாயத்தாருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சித்திரை மாதம் பேப்பரில் வந்த ஒரு துண்டுச் செய்திதான். யாழ்ப்பாணத்தில் நடந்த புகைப்படப் போட்டியில் சாவகச்சேரி ந. கோபிசங்கருக்கு முதல் பரிசு. படத்தின் பெயர் 'அப்பா'. ஒரு கிழமைக்கு எல்லோரும் பார்க்க அங்கே ஒரு மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள்.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. கூச்சம் என்று நினைத்தார். அந்த அறுநூறில் எதையோ திரும்ப எடுத்துச் சரிபண்ணியிருக்கிறான், பெடியன் கடைசியில் தேறிவிட்டான் என்று நினைத்தார். மனதுக்குள் என்னவோ இளகியது. அதை மறைக்கிற பலமும் அவரிடம் இப்போது இல்லை. அடுத்த நாள் காலை மகன் வேலைக்குப் போன கையோடு வேட்டி சால்வை கட்டி, விபூதி பூசி, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் பேப்பர்த் துண்டைக் காட்டி, "என்ரை படம். எடுத்தது என்ரை மகன்," என்றார். கைதடிப் பாலம் தாண்டியபோது மகனிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தார். 'பரவாயில்லை' என்று சொல்லலாம். அவருடைய அகராதியில் அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி இல்லை. அதை ஒருவருக்கும் அவர் சொன்னதும் இல்லை.

மண்டபத்துக்குள் நுழைந்தவுடனே எதிரே கதவளவு உயரத்தில் அது தொங்கியது.

கழன்ற பல்லுக்கட்டு கையில் இருந்தது. திறந்த வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. யன்னல் வெளிச்சம் ஈரக் கண்ணில் விழுந்து நின்றது. பின்னால் மங்கலாகச் சிரிக்கிற முகங்கள். முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் அவர் கண் முதலில் பிழையைத்தான் தேடியது. வெளிச்சம் சரி. தூரம் சரி. நாடி சரி. கை இருக்க வேண்டிய இடத்தில் கை இருந்தது. அதற்குப் பிறகுதான் அது தான் என்பதே அவருக்கு உறைத்தது.

கைபேசியோடு நின்ற ஒரு பிள்ளை படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஐயா, உது நீங்கள்தானே? ஐயோ, ஒருக்கால் பக்கத்திலை நில்லுங்கோ!"

ஒரு நிமிடத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோர் கையிலும் கைபேசி. தோளில் கை போட்டு எடுத்தார்கள். படத்தோடு சேர்த்து எடுத்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திச் சால்வையைச் சரிசெய்தார். அந்த முகம் அங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை. ஒரு இளைஞன் மிகவும் பணிவாகக் கேட்டான்:

"ஐயா, வாயைக் கொஞ்சம் திறவுங்கோ. அதிலை இருக்கிற மாதிரி."

அவர் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. பின்னேரம் கோபிசங்கர் வந்தபோது கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"அந்தப் படத்தைக் கழட்டச் சொல்லு."

கோபிசங்கர் சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தான். "போனனீங்களோ?" என்றான். பிறகு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். தகப்பனுக்கு முன் அவன் கதிரையில் இருந்தது அதுதான் முதல்தடவை. "என்ன பிழை அப்பா? சொல்லுங்கோ. வெளிச்சம் பிழையோ? தூரம் பிழையோ?"

நமசிவாயத்தார் வாயைத் திறந்தார். என்னென்னவோ சொல்ல வந்தது. ஆனால் படத்தைப் பற்றிப் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் நேர்மையானவர்.

"பிழை இல்லை," என்றார்.

"அப்ப நல்ல படமோ?"

"நல்ல படம்."

கோபிசங்கர் தலையை ஆட்டினான். அவன் முகத்தில் சந்தோசம் தெரியவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருந்து வாங்கிய சாமானைப் பிரித்துப் பார்க்கிறவன் மாதிரி இருந்தான்.

"எனக்குக் கல்வெட்டுக்கு வேறை ஒண்டு எடுத்துத் தா தம்பி," என்றார் தகப்பன். தம்பி என்ற சொல்லை மகனுக்கு அவர் பாவித்ததில்லை. அவன் இவ்வளவு காலமும் 'இவன்' ஆகத்தான் இருந்தான்.

"அதைவிட நல்லதாய் என்னாலை எடுக்கேலாது அப்பா," என்று சொல்லிவிட்டுக் கோபிசங்கர் எழும்பி உடுப்பு மாற்றப் போனான்.

இரண்டு கிழமை போனது. பிறகொரு நாள் தானே சாவகச்சேரிக்குப் போனார். ஆஸ்பத்திரிப் பக்கம் தேவமலர் என்ற பெண் ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருந்தாள். அடையாள அட்டைப் படம், கடவுச்சீட்டுப் படம், போட்டோப் பிரதி. சுவரில் மெதடிஸ்த சபைக் கலண்டர் தொங்கியது. அவளுடைய கமராவின் பிடியில் இருந்த றப்பர் கழன்று, கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. கோபிசங்கர் கண்டால் சிரித்திருப்பான்.

"கடவுச்சீட்டுக்கோ ஐயா?"

"கல்வெட்டுக்கு."

தேவமலர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "அப்ப கண்ணாடியைக் கழட்டாதேங்கோ. சனம் உங்களைக் கண்ணாடியோடைதானே கண்டது." கதிரையைக் கொஞ்சம் திருப்பினாள். இழுத்துக்கொண்ட வாய்ப்பக்கம் நிழலுக்குப் போகத் தக்கதாக விளக்கை இடப்பக்கம் கொண்டுவந்தாள். அவர் ஒன்றும் சொல்லத் தேவை வரவில்லை. "வாயை மூடுங்கோ. பல்லைக் கடியாதேங்கோ. ஆ, அப்பிடியே." மூன்று தரம் அழுத்தினாள். "சரி, எழும்புங்கோ."

"மூண்டு காணுமோ? என்ரை மகன் அறுநூறு எடுத்தவன்."

"அப்ப அவரிட்டையே எடுத்திருக்கலாமே," என்றாள் தேவமலர். வாசலில் வேறு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தைக் கையில் வாங்கி யன்னலடியில் வைத்துப் பார்த்தார். படத்தில் ஒரு கண்டிப்பான கிழவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பந்தியில் ஒருவனும் வாயை மூடமாட்டான். "பரவாயில்லை," என்றார். தேவமலர் அடுத்த ஆளை இருத்தப் போய்விட்டாள்.

படத்தைப் போட்ட உறையை அலுமாரியில் காணி உறுதியும் ஓய்வூதியப் புத்தகமும் வைத்த கோப்புக்குள் வைத்துப் பூட்டினார். மகனிடம் சொல்லவில்லை. தர்மினி ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பாள்தான், ஆனால் எடுப்பது கோபிசங்கரின் கைபேசிக்கு. அவன் பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? ஆவணி லீவுக்கு வருகிறாளே, கையிலேயே கொடுத்துவிடலாம் என்று இருந்தார். நிம்மதியாகச் சாப்பிட்டார். மருமகளிடம் குழம்பு நல்லாயிருக்கிறது என்றுகூட ஒருநாள் சொன்னார். அவள் பயந்துபோய்ப் புருசனிடம் சொன்னாள்.

ஆடி மாதம் நடுவில் இரண்டாவது தடவை தட்டியது. இந்தமுறை கையோடும் வாயோடும் நிற்கவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. உடம்பில் அசைந்தது இடது கண்ணும் இடக்கையின் இரண்டு விரலும்தான். வைத்தியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஊருக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது, காது நன்றாகவே கேட்டது. ஆனால் கேட்காது என்று எல்லோரும் முடிவுகட்டி, கட்டிலைச் சுற்றி நின்று காரியங்களைக் கதைத்தார்கள். பந்தல் யார், பறை யார், எத்தனை பேருக்குச் சாப்பாடு.

நாலாம் நாள் முற்பகல் கோபிசங்கர் தகப்பனின் அடையாள அட்டையைத் தேடி அலுமாரியைத் திறந்தான். கோப்பை எடுத்துப் பிரித்தான். உறை வந்தது. திறந்து, படத்தை எடுத்து, யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். கட்டிலில் கிடந்தபடி நமசிவாயத்தார் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னைய கோபிசங்கர் என்றால் ஒரு கண்வீச்சோடு மூடியிருப்பான். இப்போது அவனுக்குப் பார்க்கத் தெரியும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழலுக்குள் எது மறைக்கப்பட்டிருக்கிறது, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தான். உறையின் பின்பக்கம் தகப்பன் இடக்கையால் கோணல்மாணலாக எழுதியிருந்ததையும் பார்த்தான். 'கல்வெட்டுக்கு.' பிறகு திரும்பிக் கட்டிலைப் பார்த்தான். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. தகப்பனுக்குக் காது கேட்கிறது, எல்லாம் விளங்குகிறது என்பது அந்த வீட்டில் அவன் ஒருவனுக்கு அப்போது தெரிந்துவிட்டது.

அந்த நேரம்தான் கைபேசி அடித்தது. தர்மினி. விமான ரிக்கற் கிடைக்கவில்லை, சனிக்கிழமைக்கு முந்தி வரமுடியாது என்று அழுதாள். அப்பாவைக் காட்டச் சொன்னாள். கோபிசங்கர் கைபேசியைக் கட்டிலுக்குக் கிட்டப் பிடித்தான். அவள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மூக்கைத் துடைத்தாள்.

"அண்ணை, அச்சகத்துக்கு இப்பவே சொல்லிவைக்க வேணுமெல்லே. அந்தப் பரிசுப் படத்தைக் கல்வெட்டிலை போடாதேங்கோ. எனக்கு அதைப் பார்க்கேலாது, நெஞ்சு வெடிக்குது. அப்பா நிமிர்ந்து இருக்கிற படம் ஒண்டு வேணும். வடிவாய்த் தேடிப் பாருங்கோ, எங்கையாவது ஒண்டு இருக்கும்."

கோபிசங்கரின் ஒரு கையில் கைபேசி இருந்தது. மறு கையில் உறை இருந்தது. நமசிவாயத்தார் அந்த உறையையே பார்த்தார். உடம்பில் மிச்சமிருந்த பலம் முழுவதையும் தொண்டைக்குக் கொண்டுவந்தார். ஒரு சத்தம் வந்தது. சொல்லாக வரவில்லை. இடக்கை விரல் இரண்டும் போர்வையில் பிறாண்டின.

"அப்பா என்னவோ சொல்லுறார் அண்ணை! என்ன சொல்லுறார்?"

"ஒண்டுமில்லை. தண்ணிக்கு."

உறையைக் கோப்புக்குள் வைத்து, கோப்பை அலுமாரிக்குள் வைத்தான். கட்டிலடியில் வந்து இருந்து, கரண்டியால் தண்ணீர் அள்ளித் தகப்பனின் வாய்க்குள் விட்டான். பிறகு தகப்பனின் கண்ணைப் பார்த்தபடியே தங்கச்சிக்குச் சொன்னான்:

"எல்லா இடமும் தேடிப் பார்த்திட்டன், தர்மினி. வேறை படம் இல்லை."

தண்ணீர் உள்ளே இறங்காமல் வாயோரமாக வழிந்தது. கோபிசங்கர் லேஞ்சித் துணியை எடுத்துப் பக்குவமாகத் துடைத்துவிட்டான்.